தோள் நோவு தொழிலாளியின் குற்றமா?

கழுத்து நோகிறது, தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கிறது என்று ஒரு தொழிலாளி வாய் திறந்து சொன்னால், இந்த நாட்டில் அவனுக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது, ஓர் உறை மாத்திரை. இரண்டாவது, இரண்டு நாள் எம்.சி. மூன்றாவது, மேலதிகாரியின் சந்தேகப் பார்வை. மாத்திரை தீர்ந்ததும் நோவு திரும்பி வருகிறது. எம்.சி. முடிந்ததும் தொழிலாளி அதே வேலைக்குத் திரும்பிப் போகிறான். சந்தேகப் பார்வை மட்டும் தீருவதே இல்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் இப்படி ஓடிய பின், "இந்த ஆளால் இனி ஆகாது" என்று ஒரு வார்த்தை வருகிறது. கணக்கை முடித்து அனுப்பி விடுகிறார்கள்.

இந்த முறையைத்தான் நாம் எதிர்க்கிறோம். கழுத்து நோவும் தோள் நோவும் தலைவிதி அல்ல. சோம்பேறிகளின் சாக்கும் அல்ல. பெரும்பாலும் அவை வேலையோடு பின்னிக் கிடப்பவை. அவற்றுக்கு வைத்தியர், உடற்பயிற்சி நிபுணர், மனோதத்துவ நிபுணர், சமூக நல அதிகாரி எல்லோரும் ஒன்றுகூடிச் செய்யும் சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சை தொழிலாளியின் கைக்கு எட்டவேண்டும். அத்தோடு, நோவைக் கொடுத்த வேலையும் மாற்றி அமைக்கப்படவேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறைப்பவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்பதே நம் வாதம்.

யாருக்கு வருகிறது இந்த நோவு?

பால்மரத் தோட்டத்தைப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிற தொழிலாளி ஒரு நாளைக்கு 400, 500 மரம் வெட்டுகிறான். கீழ் வெட்டுக்குக் குனிய வேண்டும். மேல் வெட்டு வந்துவிட்டால், நீண்ட பிடி போட்ட உளியைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடியே பட்டையைச் சீவ வேண்டும். ஒரு மரத்துக்கு அரை நிமிஷம் என்றால் அது பெரிதல்ல, 400 மரத்துக்கு? நம் பாட்டன்மார் காலத்தில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு மைல் கணக்கில் நடந்தார்கள். இன்று பல தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஆனாலும் நிரையிலிருந்து சாலை வரை பாலையும் கட்டிப்பாலையும் சுமப்பது இன்னும் மனிதத் தோள்தான்.

செம்பனைத் தோட்டத்தில் நிலைமை இதைவிடக் கடுமை. உயர்ந்த மரத்தில் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கி, கழுத்தைப் பின்னுக்கு முறித்து, மேலே பார்த்து இழுக்க வேண்டும். விழும் குலை 10 கிலோ இருக்கலாம், 20 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். பிறகு அடுத்த மரம்.

இது தோட்டத்துக் கதை மட்டும்தானா? இல்லை. செந்தூலைப் பாருங்கள். செந்தூல் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த ரயில்வே பட்டறையில் தமிழ்த் தொழிலாளர்கள் சம்மட்டி அடித்தார்கள், சக்கரம் உருட்டினார்கள், பெட்டி கழுவினார்கள். 1945-ல் யுத்த விமானங்கள் அந்தப் பட்டறையின்மேல் குண்டு போட்டன. யுத்தம் முடிந்தபின் அதே தொழிலாளர் வர்க்கம் அதை மீண்டும் ஓட்டிக் காட்டியது. இன்று பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் நாடக அரங்கம் நடக்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றி அழகு பார்க்கிறார்கள், நல்லதுதான். அந்தக் கட்டடத்துக்குள் ஓய்ந்துபோன தோள்களுக்கு நினைவுச் சின்னம் ஏது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டு மனைகளாக மாறியும் போனபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டக் குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடியேறின. செந்தூலின் அடுக்குமாடி வீடுகளில் இன்று வாழ்கிறவர்களில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றுகிறான். தங்கை தையல் மிஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் குனிந்திருக்கிறாள். அக்காள் ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிறாள். தம்பி காரியாலயத்தில் கம்ப்யூட்டர் முன் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தோட்டத்தில் உளி பிடித்த கைக்கு வந்த அதே நோவு, பட்டணத்தில் துடைப்பம் பிடித்த கைக்கும் விசைப்பலகை தட்டும் கைக்கும் வருகிறது. வேலை மாறியது, நோவு மாறவில்லை.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2020-ஆம் ஆண்டில் 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கழுத்து நோவோடு வாழ்ந்தார்கள் என்று சர்வதேச ஆய்வுக் கணக்கு சொல்கிறது. இத்தனை கோடிப் பேரும் சோம்பேறிகளா?

எக்ஸ்ரேயில் தெரியாத நோவு

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஆள் நடிக்கிறான்." இந்த வாக்கியத்தைக் கேட்காத தோட்டம் உண்டா?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசையின் களைப்பையும், தசைநாரின் உரசலையும், நரம்பின் எரிச்சலையும் அது காட்டாது. அதற்கு நேர்மாறாக, நோவே இல்லாத மனிதனின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும், நடுவயதுக்கு மேல் எலும்புத் தேய்மானம் தெரியத்தான் செய்யும். ஆகவே எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பதாலேயே "இது வயசுக் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாலேயே "இது நடிப்பு" என்று சொல்வதும் தவறு.

உடம்பு வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் கவனிப்போம். மனிதனின் தலை 4, 5 கிலோ எடை. நேராக நிற்கும்போது அந்தப் பாரத்தை எலும்பே தாங்கிக்கொள்கிறது. குனிந்தாலும் அண்ணாந்தாலும் கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்த தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்கி வேலை செய்தால், தோள் மூட்டின் தசைநார்கள் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகின்றன. கொஞ்ச நேரம் ஓய்வு கிடைத்தால் உடம்பு தானே சரி செய்துகொள்ளும். துண்டு வேலைக் கணக்கிலும், ஆள் பற்றாக்குறையிலும் அந்த ஓய்வு எங்கே கிடைக்கிறது?

இது யூனியன்காரன் கட்டிய கதை அல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் சுகாதார ஆய்வு நிலையம், உலகம் எங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 1997-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கழுத்தை ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருக்கும் வேலைக்கும் கழுத்து நோவுக்கும் வலுவான சான்று உண்டு என்றும், திரும்பத் திரும்பக் கையை உயர்த்திச் செய்யும் வேலைக்கும் தோள் நோவுக்கும் சான்று உண்டு என்றும் அது கூறியது. அந்த அறிக்கை வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. செய்தி இன்னும் நம் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரவில்லை!

கூட்டுச் சிகிச்சை என்றால் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த நோவு வெறும் தசை நோவாக நிற்பதில்லை. நோவினால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் நோவு கூடுகிறது. கையை அசைத்தால் வலிக்குமென்று அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப் போகிறது. வேலை போய்விடுமோ என்ற பயம், கடன், வீட்டில் சச்சரவு, கணவனோ மனைவியோ சொல்லும் குத்துச் சொல், எல்லாம் சேர்ந்து நோவுக்கு எண்ணெய் வார்க்கின்றன. இப்படிப் பல பக்கமும் பின்னிக்கொண்ட முடிச்சை ஒரு மாத்திரை அவிழ்க்குமா?

அதனால்தான் பல துறை நிபுணர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நோயாளியைப் பற்றிப் பேசி, ஒரே திட்டம் வகுக்கும் முறை பிறந்தது. இதன் முன்னோடி ஜான் பொனிக்கா என்னும் வைத்தியர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அவர். சப்பாத்துத் துடைத்தும் பத்திரிகை விற்றும் வளர்ந்தவர். மல்யுத்தம் செய்து சம்பாதித்து வைத்தியப் படிப்பு முடித்தவர். மல்யுத்தத்தில் பட்ட அடிகளால் வாழ்நாளெல்லாம் நோவோடு வாழ்ந்தவரும் அவரே. இரண்டாம் உலக யுத்தத்தில் காயமடைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தபோது, நீடித்த நோவைத் தனி ஒரு வைத்தியரால் தீர்க்க முடியாது என்று கண்டார். 1953-ல் நோவுச் சிகிச்சை பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. பிறகு சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினர் கூடிய நோவுச் சிகிச்சை நிலையத்தை அவர் அமைத்தார். உடலுழைப்பின் நோவைத் தன் உடம்பிலேயே அறிந்த மனிதர் கண்ட வழி இது என்பதை நாம் மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் நடந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். செந்தூலிலிருந்து ஈப்போ சாலை வழியே வடக்கே போனால், பத்துமலைக்கு அருகில் சிலாயாங் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே 2002-ல் "மெனாங்" என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மலாய் மொழியில் மெனாங் என்றால் வெற்றி. டாக்டர் மேரி கர்டோசாவும் அவருடைய சகாக்களும், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர நிபுணர்களின் துணையோடு, அந்நாட்டுத் திட்டம் ஒன்றை நம் நாட்டு மக்களுக்கு ஏற்ப மாற்றி நடத்தினார்கள். நீடித்த நோவால் முடங்கியவர்கள் சிறு சிறு குழுவாக இரண்டு வாரம் வந்து போனார்கள். வைத்தியர், பிசியோதெரபி நிபுணர், தொழில்வழிச் சிகிச்சையாளர், மனோதத்துவ நிபுணர் எல்லோரும் சேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். உடம்பை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்பது, ஒரு வேலையை எப்படிப் பங்கு போட்டுச் செய்வது, பயத்தை எப்படி வெல்வது என்பதே பாடம். 2012-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை, நோவினால் வந்த முடக்கம் குறைந்தது என்றும், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது என்றும் எடுத்துக்காட்டியது.

பத்துமலை அடிவாரத்தில் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது! தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கில் நாம் போகிற பாதையில் நடந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாள் காவடி தூக்கும் தோளுக்கு ஊரே தண்ணீர் ஊற்றி, வழிவிட்டு, கைகொடுக்கிறது. முப்பது வருஷம் சுமை தூக்கிய தோளுக்கு யார் கைகொடுத்தார்கள்?

"நிரூபணம் எங்கே?" என்கிறவர்களுக்கு

முதலாளிமாரின் ஆலோசகர்கள் ஆங்கிலத்தில் நிறையப் படித்தவர்கள். "கழுத்து, தோள் நோவுக்கு இந்தக் கூட்டுச் சிகிச்சை பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லையே" என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நாம் ஓடி ஒளியப் போவதில்லை.

பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, வேலை செய்யும் வயதினரின் கழுத்து, தோள் நோவுக்குக் கூட்டுச் சிகிச்சை எவ்வளவு பலன் தருகிறது என்று உலக ஆராய்ச்சிகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார்கள். அவர்கள் நிபந்தனைக்குப் பொருந்திய ஆராய்ச்சிகள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. அந்த இரண்டும் தரத்தில் குறைவானவை. ஆகவே, பலன் உண்டு என்று சொல்வதற்குப் போதிய சான்று இல்லை, நல்ல ஆராய்ச்சி தேவை என்று அவர்கள் நேர்மையாக எழுதினார்கள்.

இதன் பொருள் என்ன? "பலன் இல்லை என்று நிரூபணமாகி விட்டது" என்பதா? இல்லவே இல்லை. தராசில் நிறுத்துப் பார்த்து எடை குறைவு என்று சொல்வது வேறு. தராசில் வைக்கவே இல்லை என்பது வேறு. கோடிக்கணக்கான தொழிலாளிகளின் கழுத்தையும் தோளையும் பற்றி உலகம் செய்திருந்த உருப்படியான சோதனை இரண்டுதான் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் நோயாளிகளா?

முதுகு நோவின் கதையையும் பார்ப்போம். அதற்கு ஆராய்ச்சி நிறைய நடந்தது. 2014-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நீடித்த இடுப்பு நோவு பற்றிய 41 சோதனைகளை, 6,858 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. வழக்கமான வைத்தியத்தைவிடக் கூட்டுச் சிகிச்சை நோவையும் முடக்கத்தையும் குறைக்கிறது என்று கண்டது. உடற்பயிற்சிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் வேலையில் நிலைக்கும் வாய்ப்பும் கூடுதல் என்று கண்டது. பலன் மலையளவு அல்ல, ஓரளவுதான். ஆனால் பலன் உண்டு. கழுத்தும் தோளும் இடுப்பும் ஒரே தொழிலாளியின் உடம்பில்தான் இருக்கின்றன. இடுப்புக்கு ஆன நியாயம் கழுத்துக்கும் உண்டா என்று இந்த நாட்டில் முறையாகச் சோதித்துப் பாருங்கள் என்பதே நம் பதில். நிரூபணம் இல்லை என்று சொல்லிச் சிகிச்சையையும் மறுத்து, ஆராய்ச்சியையும் மறுத்தால் அதற்குப் பெயர் விஞ்ஞானம் அல்ல, கஞ்சத்தனம்.

மனசுக்கும் வைத்தியமா?

இனி நம்மவர்களோடு கொஞ்சம் பேசவேண்டும். "தோள் நோவுக்குப் போனால் மனோதத்துவ நிபுணரிடம் அனுப்புகிறார்களே, எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அது வேண்டாம். உடம்பு நோவும்போது மனசும் நோகும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம். நோவைப் பற்றிய பயத்தைக் குறைத்தால் தசை இளகுகிறது; தூக்கம் வந்தால் உடம்பு தேறுகிறது. அதைச் சொல்லிக் கொடுக்கிறவரிடம் போவதில் மானக்கேடு எதுவும் இல்லை. தைலம் தேய்த்து உருவிவிடுவது அப்போதைக்குச் சுகம் தரலாம். வாரக்கணக்கில் கையை அசைக்காமல் கட்டிவைப்பதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய நோவு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் தீங்கு. அந்த மாத்திரைகளில் பல, வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கையில் மரத்துப் போதல், பிடி நழுவுதல், கால் தடுமாற்றம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, மார்போடு சேர்ந்த தோள் வலி, இவை இருந்தால் எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதே சமயம், நிர்வாகங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மனசுக்கும் நோவுக்கும் தொடர்பு உண்டு என்ற விஞ்ஞானத்தைத் திருப்பிப் போட்டு, "எல்லாம் அவன் மனசில்தான் இருக்கிறது, வேலையில் குற்றம் இல்லை" என்று சொல்லத் துணியாதீர்கள். அண்ணாந்து வெட்டும் மரம் மனசில் இல்லை. 20 கிலோ குலை மனசில் இல்லை. ஆள் குறைந்த நிரையை மூன்று பேர் வேலையாக ஒருவன் தலையில் கட்டியது மனசில் இல்லை. தொழிலாளியைச் சரி செய்து அனுப்பி, அதே சுமையை அதே தோளில் மறுபடியும் ஏற்றுவது ஓட்டை வாளியில் பால் ஊற்றும் வேலை. கூட்டுச் சிகிச்சையின் மேசையில் வைத்தியருக்கும் நிபுணர்களுக்கும் நாற்காலி இருப்பதுபோல், வேலை இடத்துக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதில் நிர்வாகம் ஒரு பக்கமும் தொழிலாளர் பிரதிநிதி ஒரு பக்கமும் உட்கார வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கிராணி வேலையில் செக்ரோல் எழுதும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எம்.சி. என்று எழுதக் கட்டம் இருக்கிறது, எதனால் எம்.சி. என்று எழுதக் கட்டம் இல்லை. கழுத்து நோவும் காய்ச்சலும் ஒரே எழுத்தாகப் பதிவாகின்றன. மாதக் கடைசியில் பார்த்தால், வேலையால் வந்த நோவு ஒன்றுகூட அந்தத் தோட்டத்தில் இல்லை! கணக்கில் வராத நோவுக்கு நஷ்டஈடு எங்கிருந்து வரும்?

வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் படுக்காத நோய்க்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த வேலைக்காலத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். தோள் நோவுக்காரனை யார் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கிறார்கள்? ஆகவே அவனுக்கு உள்ளது 14 அல்லது 22. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போனால் மூன்று மாதத்துக்குள் அந்த விடுப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளம் நஷ்டம். அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணர் கிளினிக்கில் பிரஜைகளுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான்; ஆனால் அந்த 5 வெள்ளிச் சிகிச்சைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று பெருமை பேசுகிறார்கள். அந்தச் சம்பளக்காரனுக்கு ஒரு நாள் கூலி என்பது வீட்டின் அரிசி.

சொக்சோ இருக்கிறதே என்பார்கள். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1971 முதல் இயங்கும் நிறுவனம் அது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் அதன் வேலை விபத்துப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் தற்காலிக முடக்கப் படியாகத் தினச் சம்பளத்தில் 80 சதவீதம் அது கொடுக்கிறது. ஆனால் 4 நாளுக்குக் குறைந்த எம்.சி.க்கு அந்தப் படி கிடையாது. இரண்டு இரண்டு நாளாக எம்.சி. கிழித்துக் கொடுக்கும் வழக்கத்தின் பலன் இப்போது விளங்குகிறதா?

2007 முதல் "வேலைக்குத் திரும்புதல்" என்ற திட்டத்தைச் சொக்சோ நடத்துகிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்து, சிகிச்சை, பயிற்சி, முதலாளியோடு பேச்சு எல்லாவற்றையும் இணைக்கும் நல்ல திட்டம். 2014-ல் மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தையும் திறந்தது. சிறந்த நிலையம், நாம் பாராட்டுகிறோம். அந்தப் பணம் நம் சந்தாப் பணம் என்பதையும் நினைவூட்டுகிறோம். ஆனால் கதவு எங்கே இருக்கிறது? இந்த நோவு வேலையால் வந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் வேலைக் காயத்துக்கான கதவு திறக்கும். கை நசுங்கினால் எளிது. ரத்தம் சாட்சி சொல்லும். பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நைந்த தோளுக்கு யார் சாட்சி?

உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் நோய்கள் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. கழுத்தும் தோளும் பெயரோடு இல்லை. வேலையோடு நேரடித் தொடர்பு நிறுவப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற "இதர" வகைக்குள் அடங்குகின்றன. வாசல் மூடப்படவில்லை, ஆனால் தட்டினால்தான் திறக்கும். தட்டுவதற்குப் பதிவு வேண்டும். 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி தொழில் நோயை அரசாங்கத் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. சிகிச்சை தரும் வைத்தியருக்கும் அந்தக் கடமை உண்டு. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. வேலையில் உள்ள ஆபத்தை முதலாளி மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே உள்ளது. உடம்பின் அமைப்புக்கு ஏற்ப வேலையை மதிப்பிடும் வழிகாட்டியை அந்த இலாகா 2017-லேயே வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நிரையில் எங்கே இருக்கிறது?

நாம் கேட்பது இதுதான்

ஒன்று: மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த கழுத்து, தோள் நோவுக்காரர்களைக் கூட்டுச் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். சிலாயாங்கில் காட்டப்பட்ட வழியை மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுவரவேண்டும். அதைத் தமிழிலும் நடத்தவேண்டும். தன் நோவைத் தன் மொழியில் சொல்ல முடியாதவனுக்கு எந்த நிபுணரும் உதவ முடியாது.

இரண்டு: சிகிச்சை நாள்களுக்கு முழுச் சம்பளம் வேண்டும். சாதாரண எம்.சி. விடுப்பில் அவற்றைக் கழிக்கக் கூடாது. இதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் தனி ஷரத்தாக வைக்கவேண்டும்.

மூன்று: வேலைக்குத் திரும்பும் முன் நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதியும் சிகிச்சையாளரும் சேர்ந்து வேலை இடத்தைப் பார்வையிட வேண்டும். மேல் வெட்டும் கீழ் வெட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது, சுமைக்கு வண்டி, இலேசான கம்பு, கூர்மையான உளி, நடுவில் ஓய்வு, இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இலகுவேலை கொடுத்தால் சம்பளம் குறையக் கூடாது. இலகுவேலை என்பது வெளியே தள்ளும் வாசற்படியாகவும் ஆகக்கூடாது.

நான்கு: கழுத்து, தோள் நோவு வேலையால் வந்தது என்று தொழிலாளி சொன்னால் அது பதிவாக வேண்டும். செக்ரோலில் அதற்கொரு கட்டம் வேண்டும்.

ஐந்து: சொக்சோவும் சுகாதார அமைச்சும் சேர்ந்து, நம் நாட்டுத் தொழிலாளர்களிடையே இந்தச் சிகிச்சையின் பலனை முறையாக ஆராய்ந்து முடிவை வெளியிட வேண்டும்.

அங்கத்தினர்களே! நம் பங்கும் இருக்கிறது. நோவு வந்த முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது "தோள் நோகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள்; என்ன வேலை, எத்தனை மரம், எத்தனை மணி நேரம், எவ்வளவு சுமை என்று விவரமாகச் சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எம்.சி. நகலைப் பத்திரமாக வையுங்கள். கிளைச் செயலாளரிடம் தகவல் கொடுங்கள். கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்யுங்கள். செந்தூலில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்; அவர்கள் தொழிற்சாலையிலும் காரியாலயத்திலும் இதே கேள்வியை எழுப்பட்டும். பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழனுக்கும் இந்தோனேசியத் தோழனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நோவுக்குக் கடவுச்சீட்டு கிடையாது.

இந்த நாட்டின் ரப்பரும் செம்பனையும் ரயில் பாதையும் தொழிலாளியின் தோளில் ஏறி வந்தவை. அந்தத் தோள் ஓய்ந்தால் தூக்கி எறிவது நன்றி கெட்ட செயல். அதைச் செப்பனிடுவதும், மறுபடி ஒடியாமல் காப்பதும் தர்மம் அல்ல, கடன். கடனைக் கேட்டு வாங்குவோம்!